சாயம் காட்டியதும் காட்டாததும்: எலும்பின் புதுப்பித்தல் பற்றிய வரலாறு

1736இல் லண்டன் அறுவை மருத்துவர் ஜான் பெல்ச்சியர், ராயல் சொசைட்டியின் இதழில் ஒரு சிறு குறிப்பை வெளியிட்டார். துணியச்சுத் தொழில் நடத்திய ஒருவரின் வீட்டு விருந்தில் பரிமாறப்பட்ட பன்றி இறைச்சியில் எலும்பு மட்டும் செந்நிறமாக இருந்ததை அவர் கண்டிருந்தார். அச்சிட்ட துணியில் மிகையாக ஒட்டிய மேடர் வேர்ச்சாயத்தை நீக்க, துணியைத் தவிட்டுடன் கொதிக்கவைப்பது வழக்கம். அந்தத் தவிடே பன்றிகளுக்குத் தீனியாயிற்று. கோழிக்கோட்டின் பெயரைத் தாங்கிய ‘காலிகோ’ துணித் தொழிலின் கழிவு, இவ்வாறு உடலியலுக்கு ஓர் ஆய்வுக் கருவியானது.

மேடர் சாயம் புதிதாகப் படியும் எலும்பின் கால்சியத்தோடு பிணைகிறது. பிரான்சின் துயமேல் டு மொன்சோ விலங்குகளுக்கு அதைக் கொடுத்தும் நிறுத்தியும் வளர்த்தபோது, எலும்பில் சிவப்பும் வெண்மையுமான அடுக்குகள் மாறிமாறித் தோன்றின. வளரும் எலும்பைச் சுற்றி அவர் கட்டிய கம்பி வளையமோ, பின்னர் எலும்பின் உட்குழியில் காணப்பட்டது. எலும்பு விரிந்து வளையத்தை உள்வாங்கியது என்று அவர் கருதினார்.

அதே நூற்றாண்டில் ஜான் ஹன்டர் வேறு விடை கண்டார்: வெளிப்புறத்தில் எலும்பு சேர்கிறது, உட்புறத்தில் அகற்றப்படுகிறது. சாயம் வந்து சேர்ந்ததை மட்டுமே காட்டும், நீங்கியதைக் காட்டாது. ஆகவே ஆக்கம் கண்ணுக்குப் புலப்பட்டது; அழிவு ஊகித்தறிய வேண்டியதாயிற்று. எலும்பை அரிக்கும் செல்லுக்கு 1873இல்தான் கோலிக்கர் ‘ஆஸ்டியோகிளாஸ்ட்’ எனப் பெயரிட்டார்.

இவையெல்லாம் பெரும்பாலும் வளரும் எலும்பைப் பற்றியவை. வளர்ச்சி முடிந்த எலும்பும் ஓய்வதில்லை என்பதை 1960களில் ஹெரால்ட் ஃப்ராஸ்ட் விளக்கினார். அவருக்குத் துணைநின்றதும் ஒரு சாயமே: மேடரைப் போலப் புதிய எலும்பில் பதிந்து, புற ஊதா ஒளியில் மிளிரும் டெட்ராசைக்ளின். ஆஸ்டியோகிளாஸ்டுகள் ஓரிடத்தைச் சில வாரங்களில் அரித்தெடுக்கின்றன. ஆஸ்டியோபிளாஸ்டுகள் அதே இடத்தை நிரப்பச் சில மாதங்கள் ஆகின்றன. இவ்வாறு முதிர்ந்தவர் எலும்புக்கூட்டில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 10 விழுக்காடு புதுப்பிக்கப்படுகிறது.

அரிப்பது விரைவு, கட்டுவது மெதுவு. இக்கால வேறுபாட்டில்தான் எலும்புப்புரை நோயின் அபாயம் அடங்கியுள்ளது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைய, அரிப்பு மிகுகிறது. நிரப்புதல் அதற்கு ஈடுகொடுப்பதில்லை. எனினும் அரிப்பு பகையன்று. நுண்விரிசல் கண்ட பழைய எலும்பை அகற்றுவதும் அதுவே. எலும்பின் நலம் அதன் கடினத்தில் மட்டும் இல்லை. இழப்பும் ஈடும் ஒத்துச் செல்வதில் இருக்கிறது.