தேன் உண்டால் ஆயுள் கூடுமா? கிரேக்கம் முதல் கெலுலுட் வரை



“தேன் உண்பவர் நூறாண்டு வாழ்வார்.” உடல்நலம் பற்றிய மாணவர் கட்டுரைகளில் இப்படி ஒரு வாக்கியம் அடிக்கடி தலைகாட்டும். எழுத்துப்பிழை இல்லை, சந்திப்பிழையும் இல்லை. ஆனால் சான்று எங்கே? இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது, நம் முன்னோர் தேனைப் பற்றி உண்மையில் என்ன சொன்னார்கள், இன்றைய ஆய்வு எதுவரை ஒத்துக்கொள்கிறது என்று வரிசையாகப் பார்ப்போம், வாங்க.

கிரேக்கர்களின் தேன்

ஏதென்ஸ் நகரை ஒட்டி இமெட்டஸ் என்றொரு மலை இருக்கிறது. அங்கே தைம் என்ற செடி வளரும். நம் ஓமத்தின் வாசனை அதற்கு உண்டு. அந்தப் பூக்களின் தேன் பண்டைக் காலத்திலேயே பெயர் பெற்றது. ஹிப்போகிரட்டீஸ் பெயரில் வழங்கும் மருத்துவ நூல்களில் தேனும் வினிகரும் கலந்த பானம் மருந்தாக வருகிறது.

டெமாக்ரிட்டஸ் என்ற தத்துவ அறிஞர் நூறு வயதைத் தாண்டியவர் என்பார்கள். நலமாக வாழ என்ன வழி என்று அவரிடம் கேட்டபோது, உடம்புக்கு வெளியே எண்ணெய், உள்ளே தேன் என்று பதில் சொன்னாராம். நல்ல கதைதான். ஆனால் அதைப் பதிவு செய்த அத்தினேயஸ், டெமாக்ரிட்டசுக்கு ஏறக்குறைய 600 ஆண்டுகள் பிந்தியவர். இதை வரலாற்றுச் சான்றாக எடுத்துக்கொள்ள முடியுமா? மாணவர்களே, நீங்களே சொல்லுங்க.

இன்று பலரும் காட்டும் உதாரணம் இக்காரியா என்ற கிரேக்கத் தீவு. நீண்ட ஆயுளுக்குப் பேர்போன ‘நீல மண்டலங்கள்’ ஐந்தில் இதுவும் ஒன்று. 2009இல் ஏதென்ஸ் மருத்துவர்கள் அங்குள்ள முதியவர்களை ஆராய்ந்தார்கள். அன்றாட உடலுழைப்பு, காய்கறியும் பருப்பும் நிறைந்த உணவு, மதியத் தூக்கம், உறவினர் சூழ்ந்த வாழ்க்கை எனப் பலவும் ஒன்றாகக் கிடந்தன. இத்தனைக்கும் நடுவே தேனை மட்டும் பிரித்தெடுத்து, ஆயுளுக்கு அதுதான் காரணம் என்று எப்படிச் சொல்வது? போதாததற்கு, நூறு வயதுக் கணக்குகளிலேயே பிறப்புப் பதிவுக் குளறுபடியும் ஓய்வூதிய மோசடியும் கலந்திருக்கின்றன என்று சோல் நியூமன் என்ற ஆய்வாளர் வாதிட்டார். அதற்காக 2024இல் அவருக்கு ‘இக் நோபல்’ பரிசு கிடைத்தது.

தமிழர் சொன்னது வேறு

இங்கேதான் ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். பாரியின் பறம்பு மலையைப் பாடும் கபிலர், உழவர் உழாமலே அம்மலையில் கிடைக்கும் நான்கு பொருள்களைப் பட்டியலிடுகிறார்: மூங்கிலரிசி, பலா, வள்ளிக்கிழங்கு, தேன். புறநானூற்றின் 109ஆம் பாடல் இது. முற்றுகையிட்ட மூவேந்தரிடம், மலைக்குள் இருப்பவர்களைப் பட்டினி போட்டு வெல்ல முடியாது என்று சொல்ல வந்த பாட்டு. அங்கே தேன் வெறும் உணவு; ஆயுள் மருந்து அல்ல.

அப்படியானால் நீண்ட ஆயுளுக்குரிய பொருளாகச் சங்கப் பாடல் எதைக் காட்டுகிறது? நெல்லிக்கனியை! அதியமான் அரிதில் பெற்ற அந்தக் கனியைத் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்த கதை, புறநானூற்றின் 91ஆம் பாடலில் இருக்கிறது. அந்தப் பாட்டு இன்று வரை நிற்பதற்குக் காரணம் அதியமானின் கொடைதானே தவிர, கனியின் சத்து இல்லை.

திருக்குறளில் ‘மருந்து’ என்றே ஓர் அதிகாரம் உண்டு (95ஆம் அதிகாரம்). அதில் தேன் என்ற சொல்லே வராது. முன்பு உண்டது செரித்த பிறகு அளவறிந்து உண்பதுதான் உடம்பை நெடுங்காலம் காக்கும் வழி என்கிறார் வள்ளுவர். தேன் வருவது காமத்துப்பாலில், காதலியின் இதழ்ச் சுவைக்கு உவமையாக. சித்த மருத்துவத்திலும் தேனுக்குப் பெரிய வேலை துணை வேலைதான். திரிகடுகு போன்ற சூரணங்களைக் குழைத்து உள்ளே அனுப்பும் ‘அனுபானம்’ அது.

நம் நாட்டுத் தேன்

இனி மலேசியாவுக்கு வருவோம். கெடா காடுகளில் துவாலாங் மரங்கள் 80 மீட்டர் உயரம் வரை வளரும். ஒரே மரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட மலைத்தேனீக் கூடுகள் தொங்குவதும் உண்டு. அந்தத் தேனீக்களுக்கு மலாய்த் தேன் எடுப்பவர்கள் வைத்த பெயர் ‘ஈத்தாம் மானிஸ்’, அதாவது கருப்பழகி. ஆயர் ஈத்தாம் என்ற நம் ஊர்ப் பெயரில் இருக்கும் அதே ஈத்தாம்தான்! இளவரசனைக் காதலித்து, உலோக ஈட்டி பாய்ந்து, தேனீயாக மாறிய ஓர் இந்துப் பணிப்பெண்ணின் பெயர் அது என்பது கதை. அதனால்தான் அவர்கள் தேன் எடுக்கும்போது உலோகக் கருவி எதையும் பயன்படுத்துவதில்லை.

நம் தாத்தா பாட்டி சீவிய பால்மரத்துக்கும் தேனோடு தொடர்பு இருக்கிறது. 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளிலிருந்து மலாயாவில் ரப்பர் பரவியது. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ரப்பர் தோட்டங்கள் உண்டு. அங்குள்ள மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் 1920களில் ஒய்.எம்.சி.ஏ. வழியாகக் கிராம மேம்பாட்டுப் பணி செய்தார். தேனீ வளர்ப்பை ஏழை விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தது அந்தப் பணியில் ஒன்று. இன்று அங்கே கிடைக்கும் தேனில் பெரும்பங்கு ரப்பர் தேன். அது பூவில் இருந்து வருவதில்லை. புதுத் தளிர் விடும் காலத்தில் இலைக்காம்பின் நுனியில் சுரக்கும் இனிப்பு நீரைத்தான் தேனீக்கள் சேகரிக்கின்றன. 1990களின் தொடக்கத்தில் ஒரு வைரஸ் நோய் வந்து தென்னிந்தியாவின் பெரும்பாலான தேனீக் குடும்பங்களை அழித்தது. தொழில் தட்டுத்தடுமாறி மீண்டது. 2023இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மக்களுக்குத் தேன் தந்தது பிழைப்பு. இதைச் சான்றோடு சொல்லலாம்.

இப்போது மலேசியாவில் எங்கும் பேசப்படுவது கெலுலுட், அதாவது கொட்டாத கொசுத்தேனீயின் புளிப்புத் தேன். இதற்கென்று எம்.எஸ். 2683 என்ற மலேசியத் தர அளவு 2017இல் வந்தது. இந்தத் தேனில் டிரெஹலுலோஸ் என்ற அரிய சர்க்கரை நிறைய இருப்பதை ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து ஆய்வாளர்கள் 2020இல் வெளியிட்டார்கள். இது இரத்தத்தில் மெதுவாகச் சேரும் வகை. ஆனால் அந்த ஆய்வு அளந்தது சர்க்கரையின் வகையை. மனிதரின் ஆயுளை அல்ல.

உறுதியானது எவ்வளவு?

குழந்தைகளின் இருமலைத் தேன் ஓரளவு தணிக்கும். மருத்துவத் தரத்தில் தூய்மையாக்கப்பட்ட தேன், சிலவகைத் தீக்காயங்களை விரைவாக ஆற்ற உதவுகிறது. இவற்றுக்கு ஆய்வுச் சான்று உண்டு. அதற்காக அடுப்படித் தேனைப் புண்ணில் தடவக் கூடாது.

அதே நேரம், தேனில் ஏறக்குறைய 80 விழுக்காடு சர்க்கரைதான். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 17 கிராம். 2023ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் ஆறில் ஒருவருக்கு நீரிழிவு; இந்தியர்களிடையே நிலைமை இன்னும் மோசம். “இயற்கைதானே, ஒன்னும் செய்யாது” என்று மாத்திரையை நிறுத்திவிட்டுத் தேன் குடித்தால் என்ன ஆகும், யோசிச்சுப் பாருங்க. இன்னொன்று, பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டுச் சேனை வைக்கும் வழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒருவகைக் கிருமியின் வித்துகள் குழந்தையின் குடலில் வளர்ந்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நச்சை உண்டாக்கும். உயிருக்கே ஆபத்து.

வகுப்பறைக்கு

கட்டுரையில் வினைமுற்றைக் கவனித்து எழுதப் பழகுங்கள். கதைக்கு ‘என்பர்’, ‘நம்பப்படுகிறது’. ஒரு தனி ஆய்வுக்கு ‘கண்டறிந்துள்ளனர்’. பல ஆய்வுகள் ஒத்துக்கொண்டதற்கு மட்டும் ‘உறுதியாகியுள்ளது’. டெமாக்ரிட்டஸ் முதல் வகை, கெலுலுட் சர்க்கரை இரண்டாம் வகை, இருமல் மூன்றாம் வகைக்கு அருகில்.

ஆசிரியர்கள் ஒரு சிறு பயிற்சி கொடுக்கலாம். தேன் விளம்பரம் ஒன்றை மாணவர்களிடம் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியமும் இந்த மூன்றில் எந்த வகை என்று குறிக்கச் சொல்லுங்கள். பிறகு முதலில் பார்த்த வாக்கியத்தைத் திருத்தி எழுதச் சொல்லுங்கள். “தேன் நீண்ட ஆயுள் தரும் என்று பழங்காலம் முதல் நம்பப்படுகிறது; அளவோடு உண்டால் அது நல்ல உணவு” என்று எழுதினால், தாராளமாகச் சரி போடலாம்.