கர்ப்பிணிகளும் மூளைக்காய்ச்சலும் - ஒரு வரலாறு

பழவேற்காடு என்றதும் நினைவுக்கு வருவது ஏரி, பூநாரைகள், டச்சுக்காரர்கள் 1613-ல் கட்டிய கெல்டிரியா கோட்டை. மீனவர் குப்பங்களைத் தாண்டி பொன்னேரிப் பக்கம் போனால் நெல்வயல்கள். இப்படி நெல்வயலில் தேங்கும் நல்ல தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசுக்கள்தான் ஜப்பானிய மூளைக்காய்ச்சலை முக்கியமாகப் பரப்புகின்றன. வைரஸ் வளர்வது பன்றிகளிலும் கொக்கு, நாரைகளிலும். மனிதரிடமிருந்து மனிதருக்கு இது தொற்றாது.

பெயர்தான் ஜப்பான். 1924-ல் அங்கே ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தாக்கியது. ஆனால் நமக்கும் இது பழைய நோய்தான்! 1952-ல் நடந்த ரத்தப் பரிசோதனை ஆய்வில் செங்கல்பட்டு மாவட்ட மக்களிடம் இதன் எதிர்ப்புப் பொருள் காணப்பட்டது. பழவேற்காடு அன்று அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. 1955-ல் வேலூரில் இந்தியாவின் முதல் நோயாளிகள் அடையாளம் காணப்பட்டனர்.

சரி, கர்ப்பிணிகளுக்கு இது வந்தால் என்ன ஆகும்? இதற்கு விடை கிடைத்தது தமிழ்நாட்டில் அல்ல, உத்தரப் பிரதேசத்தில். 1978-ல் அங்கே நோய் பெருவாரியாகப் பரவியது. கர்ப்பத்தின் முதல் ஆறு மாதங்களுக்குள் நோய் கண்ட பெண்கள் சிலருக்குக் கருச்சிதைவு ஏற்பட்டது. கருவின் திசுக்களிலிருந்தே வைரஸ் பிரித்தெடுக்கப்பட்டது. அதாவது நஞ்சுக்கொடியையும் தாண்டி அது குழந்தையை அடைகிறது.

இங்கே ஏன் அப்படித் தெரியவில்லை? நோய் நெடுங்காலமாக உள்ள ஊர்களில் பெரும்பாலோர் சிறுவயதிலேயே, அறிகுறி எதுவும் இல்லாமல், தொற்றைக் கடந்துவிடுகிறார்கள். தாயாகும் வயதில் எதிர்ப்புச் சக்தி இருக்கும். அதனால்தான் அங்கெல்லாம் இது குழந்தைகளின் நோயாக இருக்கிறது. வைரஸ் புதிதாக நுழையும் ஊரில், அல்லது நோயே இல்லாத ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வரும் பெண்ணுக்கு, அந்தப் பாதுகாப்பு கிடையாது.

மூளைவரை போய்விட்டால் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் இறக்கிறார்கள். பிழைத்தவர்களிலும் பலருக்கு வலிப்பு, கை கால் முடக்கம் என்று பாதிப்பு நீடிக்கிறது. குணப்படுத்தும் மருந்து இன்றுவரை இல்லை. கர்ப்பிணிக்கு வரும் வலிப்பை கர்ப்பகால ரத்தக்கொதிப்பால் வருவது என்று நினைத்துவிடவும் கூடும். முன்பே காய்ச்சலும் தலைவலியும் இருந்தால் அதை மருத்துவரிடம் சொல்வது மிக முக்கியம்.

2005-ல் கோரக்பூர் பகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த பிறகு, 2006 முதல் நோய் அதிகமுள்ள மாவட்டங்களில் குழந்தைகளுக்குத் தடுப்பூசி போடப்படுகிறது. 2006-ல் போடத் தொடங்கியது உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட வைரஸ் ஊசி என்பதால் அதைக் கர்ப்பிணிகளுக்குப் போடுவதில்லை. ஆகவே தாயைக் காக்கும் ஊசி, அவள் குழந்தையாக இருக்கும்போதே போடவேண்டிய ஊசி!