விளைநிலத்தில் பெண்ணின் பங்கு: 1937 முதல் 1949 வரை



உஹதுப் போரில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்களின் மனைவி, தம் இரு பெண் மக்களை அழைத்துக்கொண்டு நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். கணவரின் சகோதரர் சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். பொருள் இல்லாத இப்பெண்களுக்குத் திருமணம் எவ்வாறு நடக்கும் என்பதே அவரது முறையீடு. வாரிசுரிமை வசனம் அருளப்பட்ட பின்னர், பெண் மக்கள் இருவருக்கும் மூன்றில் இரண்டு பங்கும், மனைவிக்கு எட்டில் ஒரு பங்கும் கொடுத்து, எஞ்சியதை மட்டும் எடுத்துக்கொள்ளுமாறு அந்தச் சகோதரருக்கு நபி (ஸல்) அவர்கள் கட்டளையிட்டார்கள். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி திர்மிதீ, அபூதாவூத் ஆகிய நூல்களில் உள்ளது. வாரிசுரிமைச் சட்டத்தின் வரலாறு ஒரு விதவைத் தாயின் மனுவோடு இணைந்திருப்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இந்திய நாட்டில் முஸ்லிம்கள் பலர் அந்த உரிமையைப் பல காலம் பெண்களுக்குக் கொடுக்கவில்லை. ஆங்கிலேய ஆட்சியில் நீதிமன்றங்கள் 'வழக்கம்' என்பதற்குச் சட்டத்தின் வலிமையைக் கொடுத்திருந்தன. பஞ்சாப் மாகாணத்தில் நிலவுடைமைக் குடும்பங்கள், மகளுக்குப் பங்கில்லை என்ற ஊர் வழக்கத்தைக் காட்டியே நிலத்தை ஆண்களிடம் வைத்துக்கொண்டன. சென்னை மாகாணத்திலும் 1873ஆம் ஆண்டின் சிவில் நீதிமன்றச் சட்டப்படி முஸ்லிம்களின் வாரிசுரிமைக்கு முஸ்லிம் சட்டமே பொருந்தும் என்றாலும், அதற்கு மாறான வழக்கத்தை ஒருவர் மெய்ப்பித்துவிட்டால் வழக்கமே வெல்லும். ஷரீஅத் ஒருபுறம் இருக்க, தொழுகை நோன்பில் குறைவில்லாத குடும்பங்களே சொத்து விஷயத்தில் வழக்கத்தின் பின்னால் ஒளிந்துகொண்டன என்பது வருந்தத்தக்க உண்மை.

இதனை மாற்றக் கோரி எழுந்த குரலில் பெண்களின் பங்கு பெரிது. மத்திய சட்டமன்றத்தில் எச்.எம். அப்துல்லாஹ் அவர்கள் கொண்டுவந்த ஷரீஅத் மசோதாவின் நோக்க விளக்கத்திலேயே, வழக்கச் சட்டத்தின் கீழ் முஸ்லிம் பெண்களின் நிலை இழிவானது என்றும், முஸ்லிம் பெண்கள் அமைப்புகள் அதனைக் கண்டித்து ஷரீஅத்தைத் தங்களுக்குப் பொருந்தச் செய்யுமாறு கோரியுள்ளன என்றும் பதிவாகியுள்ளது. ஜம்இய்யத்துல் உலமாவும் அக்கோரிக்கையை ஆதரித்தது. ஆலிம்களும் பெண்கள் அமைப்புகளும் ஒரே கோரிக்கையில் நின்ற காலம் அது. அந்த மசோதாவே 1937ஆம் ஆண்டின் 26ஆம் சட்டமாக, ஷரீஅத் செயலாக்கச் சட்டமாக நிறைவேறியது. உயில், தத்து முதலியவற்றில் மட்டும், விரும்பியவர் உறுதிமொழி அளித்தால்தான் ஷரீஅத் பொருந்தும் என்று ஜின்னா அவர்களின் திருத்தத்தால் விலக்கு அளிக்கப்பட்டது.

ஆனால் அச்சட்டத்தின் இரண்டாம் பிரிவில் ஒரு சிறு அடைப்புக்குறி இருந்தது. வாரிசுரிமை பற்றிய எல்லா விஷயங்களிலும் ஷரீஅத்தே தீர்ப்பின் விதி. விவசாய நிலம் நீங்கலாக! 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டப்படி விவசாய நிலத்தின் வாரிசுரிமை மாகாணங்களின் அதிகாரத்தில் இருந்ததால், மத்திய சட்டமன்றம் அதில் கை வைக்க இயலவில்லை. காரணம் முறையானதுதான். விளைவோ, சொத்தின் பெரும்பகுதி நிலமாக இருந்த ஒரு நாட்டில் பெண்ணுக்குக் கொடுத்த உரிமையில் பெரும்பகுதி வெளியே நின்றுவிட்டது. நம் ஆரணியை எண்ணிப் பாருங்கள். பட்டுத் தறியும் வீடும் சட்டத்திற்குள். கமண்டல நாகநதிப் பக்கத்து நெல் வயல் சட்டத்திற்கு வெளியே.

அக்குறையைச் சென்னை மாகாணச் சட்டமன்றம் தீர்த்தது. 1949ஆம் ஆண்டின் 18ஆம் சட்டத்தின் மூலம் இரண்டாம் பிரிவிலிருந்து விவசாய நிலம் பற்றிய விலக்கு நீக்கப்பட்டது. சில சொற்களை எடுத்துவிட்ட மிகச் சிறிய திருத்தமே அது. விழா எடுத்து நினைவுகூரப்படாத சட்டம். எனினும் நம் குடும்பங்களை இதைவிட நேரடியாகத் தொட்ட மாகாணச் சட்டங்கள் மிகச் சிலவே. கேரளம் இதே வழியில் 1963இல்தான் சென்றது. வட மாநிலங்கள் சிலவற்றில் இத்தகைய திருத்தம் வரவேயில்லை. பெண்களுக்குப் பங்கில்லை என்ற வழக்கத்தைக் காட்டி எதிர்த்த ஒரு சென்னை வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. 1949ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு சேர்ந்த ஷரீஅத் சட்டத்தின் முன் அவ்வழக்கம் நிற்காது என்று 1961இல் அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இத்திருத்தத்தின் பொருளை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒருவர் மனைவி, ஒரு மகன், இரு மகள்களை விட்டு இறக்கிறார். கடன், மஹர் பாக்கி, வஸிய்யத் நீங்கலாக 3 ஏக்கர் 20 சென்ட் நன்செய் நிற்கிறது. மனைவிக்கு எட்டில் ஒன்று, 40 சென்ட். மீதம் 280 சென்ட்டில் மகனுக்கு 140, மகள் ஒவ்வொருவருக்கும் 70. வழக்கம் வென்றிருந்தால் மகள்களின் 140 சென்ட்டும் அவர்கள் கைக்கு வந்திராது.

அந்த 70 சென்ட் இன்று உரியவரிடம் போய்ச் சேருகிறதா? சட்டம் அடைத்த வாசலை நாம் விடுதலைப் பத்திரத்தால் திறந்து வைத்திருக்கிறோம். கல்யாணத்திற்குச் செலவு செய்தாகிவிட்டது, சீர் கொடுத்தாகிவிட்டது என்று சொல்லி, சகோதரியைச் சார்பதிவாளர் அலுவலகத்திற்கு அழைத்துச் சென்று கையெழுத்து வாங்குவது நம்மிடையே நடப்பதுதான். சீர் என்பது ஷரீஅத் பங்கிற்கு ஈடு என்று எந்த ஃபிக்ஹு நூலும் கூறவில்லை. தந்தை உயிருடன் இருக்கும்போதே மகள் எழுதிக் கொடுக்கும் விடுதலை செல்லாது என்பதே முஸ்லிம் சட்டத்தின் பொது விதி. வராத உரிமையை விட்டுக்கொடுக்க இயலாதல்லவா! எனினும், பிரதிபலன் பெற்றுக்கொண்டு எழுதிக் கொடுத்தவர் பின்னர் உரிமை கோர முடியாமல் போகலாம் என்று 1973இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், கையெழுத்திடுமுன் சகோதரிகள் இதனை அறிந்திருத்தல் அவசியம்.

ஜமாஅத் நிர்வாகத்திற்கு ஒரு வேண்டுகோள். பாகப்பிரிவினைக்காகக் கடிதம் கேட்டு வரும் குடும்பங்களிடம், பங்கு விவரத்தை இமாம் அவர்களின் கையால் ஒரு தாளில் எழுதி வாங்கி, வாரிசுப் பெண்களையும் நேரில் அழைத்து அதனைப் படித்துக் காட்டிய பின்னரே கடிதம் வழங்கலாம். வர இயலாதவர்க்கு அத்தாளின் நகல் வீட்டிற்குச் சென்று சேரட்டும்.