பூனாவுக்கு முன்பே புதுச்சேரி

1932 பூனா ஒப்பந்தத்தைப் பற்றி நிறையப் பேசுகிறோம். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே புதுச்சேரியில் ஒரு தனிப் பட்டியல் பறிபோனது. அதை எத்தனை பேர் பேசுகிறோம்?

1873இல் ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் போனதற்காகத் தடுக்கப்பட்டு, பாரீஸ்வரை வழக்காடி வென்றவர் பொன்னுத்தம்பி பிள்ளை. 1881 செப்டம்பர் 21 ஆணை வந்ததும் சாதிவழிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்றார். 'லாபோர்த்', அதாவது வாசல், என்று பெயரும் சூட்டிக்கொண்டார். அவர் வேளாளர்தான். ஆனால் அந்த வாசலில் நுழைந்தவர்களில் நம் மக்கள் ஏராளம்.

எதிர்ப்பக்கம் பழமைவாதிகளின் தலைவர் சண்முக வேலாயுத முதலியார். சமத்துவம் பேசிய பிரெஞ்சுக் குடியரசுக்காரர்கள் அவருடைய வாக்கு வலிமையோடு மோதவில்லை, ஒத்துப்போனார்கள். 1884இல் ஐரோப்பியர், துறந்தோர், துறக்காதோர் என மூன்று வாக்காளர் பட்டியல்கள் வந்தன. சட்டத்தில் பிரெஞ்சுக்காரர், வாக்களிக்க மட்டும் தனி வரிசை! அதிலும் ஓர் ஆதாயம் இருந்தது: துறந்தோருக்கெனச் சபையில் இடங்கள். 1899இல் அதையும் கலைத்து, துறந்தோரில் பெரும்பாலோரை இந்தியப் பட்டியலில் கரைத்தார்கள். அங்கே யார் பெரும்பான்மை என்று சொல்ல வேண்டியதில்லை.

பிரெஞ்சு சட்டப்படி மணம் முடிக்கலாம், சொத்துப் பிரிக்கலாம். சபைக்குப் போக மட்டும் முதலியாரின் ஆட்களுடைய தயவு வேண்டும்.