எச்சில் எலும்பும் பச்சை எலும்பும்: நாயின் பல் நலம் பற்றிய ஒரு கருத்தின் வரலாறு, மாசாயை முன்வைத்து

நாய்க்குச் சதை ஒட்டிய பச்சை எலும்பைப் போட்டால் பல்லில் காரை பிடிக்காது என்பதைப் பலரும் பாட்டன் காலத்து வழக்கமாகவே சொல்கிறார்கள். மலேசியாவின் ஜொகூர் மாநிலத்து மாசாயை முன்வைத்துப் பார்த்தால் இந்தக் கூற்று நிற்கவில்லை. அங்கே ரப்பர்த் தோட்டத்து நாய்க்குக் கிடைத்தது குழம்பில் வெந்த எச்சில் எலும்பு. இன்று பரிந்துரைக்கப்படுவது அடுப்பைக் காணாத எலும்பு. அந்தப் பரிந்துரை 1991இல் ஆஸ்திரேலியாவில், டப்பா உணவை எதிர்த்து எழுந்தது. இரண்டையும் ஒரே மரபாக எண்ணியதால் வந்த வினை, புதிய கருத்தை நம்பிக்கொண்டு பழைய பழக்கப்படி வெந்த கோழி எலும்பைத் தட்டிலிருந்து நாய்க்குத் தள்ளுவது.

ஜொகூர் பாரு மாவட்டத்தில் பாசிர் கூடாங்கை ஒட்டியிருக்கிறது மாசாய். 1977இல் பாசிர் கூடாங் துறைமுகம் இயங்கத் தொடங்கிய பிறகு தொழிற்சாலைகளும் தாமான் எனப்படும் குடியிருப்புகளும் இந்த வட்டாரத்தை நிறைத்தன. அதற்கு முன் இருந்தவை ரப்பர்த் தோட்டங்கள். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயன் வீட்டு நாய்க்கென்று யாரும் தனியாக உலை வைத்ததில்லை. மிஞ்சிய சோறு, மீன்குழம்பின் அடிமண்டி, கருவாட்டுத் தலை இவைதான் அதன் சாப்பாடு. தீபாவளிக்கும் கோயில் திருவிழாவுக்கும் கோழி எலும்போ ஆட்டெலும்போ விழும், அதுவும் மனிதர் உறிஞ்சி முடித்த பிறகு. காட்டுப்பன்றி வேட்டைக்குப் போன நாய்கள் மட்டுமே அவ்வப்போது பச்சை இறைச்சியை ருசித்தன. அதை வேட்டைக்கான கூலி எனலாம், பல் வைத்தியம் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

சோறு தின்றே நாய் வாழ்ந்தது என்பதில் வியப்பில்லை. 2013இல் எரிக் ஆக்செல்சனும் குழுவினரும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட மரபணு ஆய்வின்படி, மாவுச்சத்தைச் செரிக்கும் நொதிக்கான மரபணு ஓநாயிடம் இரண்டு படிகளாகவே இருக்கிறது, நாயிடமோ பல மடங்கு பெருகியிருக்கிறது. கொல்கத்தாவில் தெருநாய்களை ஆராய்ந்துவரும் அனிந்திதா பத்ராவின் குழு, இறைச்சி விருப்பம் குட்டிகளுக்குப் பிறவியிலேயே அமைந்ததல்ல என்று 2014இல் எழுதியது. ஆகவே ‘நாய் என்பது ஓநாய், அதற்குச் சோறு ஆகாது’ என்ற முழக்கத்தைச் செரிமானத்தின் பெயரால் ஏற்க முடியாது. பல்லின் கணக்கு வேறு. அங்கே உணவு எதனால் ஆனது என்பதைவிட எப்படி உரசுகிறது என்பதே முக்கியம்.

ஐந்தாறு வயது நாயின் மேலுதட்டை மெல்லத் தூக்கிப் பாருங்கள். முன்பற்கள் வெள்ளையாகவே இருக்கலாம். கன்னத்துக்குள் இருக்கும் பெரிய வெட்டும் பல்லில், அதாவது மேல்தாடையின் நான்காம் முன்கடைவாய்ப்பல்லில், ஈறை ஒட்டிப் பழுப்பு நிறத்தில் ஓடு போல ஒன்று படிந்திருக்கும். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய் அங்கேதான் திறக்கிறது. நாயின் உமிழ்நீர் நம்முடையதைவிடக் காரத்தன்மை மிக்கது. எனவே பல்லின்மீது படியும் கிருமிப் படலம் இரண்டு மூன்று நாளிலேயே சுண்ணமாக இறுகத் தொடங்குகிறது. இறுகியது காரை. கண்ணில் படுவது அதுதான் என்றாலும், நோயை உண்டாக்குவது ஈறுக்கு அடியில் நுழையும் மென்படலம். காரை உதிர்ந்த பல்லின் அடியில் ஈறு நோய் இருக்க முடியும். இந்த வேறுபாட்டை எலும்பின் ஆதரவாளர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

உரசலின் பங்கை ஆய்வுக்கூடம் முதலில் கண்டது மனிதப் பல்லுக்காகத்தான். பர்வாசர், ஹில் என்ற ஆய்வாளர்கள் 1939இல் கடின உணவையும் மென்உணவையும் நாய்களுக்குக் கொடுத்து ஒப்பிட்டார்கள். மென்உணவு தின்றவற்றின் ஈறுகளே கெட்டன. சுவீடனின் யான் எகல்பெர்க் 1965இல் இதை இன்னும் நுணுக்கமாகச் சோதித்தார். உணவு வாயைத் தொடாமல் குழாய்வழி வயிற்றுக்குப் போன நாய்களுக்கும் பல்லில் படலம் படிந்தது. மாவுச்சத்து மிகுந்த உணவுக்கும் புரதமும் கொழுப்பும் மிகுந்த உணவுக்கும் இடையே சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. லயன் வீட்டுச் சோற்றின்மீது பழி போட இடமில்லை என்பது என் வாசிப்பு. சோற்றோடு மெல்ல எதுவும் கிடைக்காததுதான் குறை.

இதற்கிடையே கடை உணவு வளர்ந்திருந்தது. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860ஐ ஒட்டி லண்டனில் நாய் பிஸ்கட் விற்கத் தொடங்கினார். 1922இல் அமெரிக்காவில் குதிரை இறைச்சி டப்பாவில் வந்தது. இரண்டாம் உலகப்போரில் தகரத்துக்குப் பங்கீடு வந்ததும் உலர் உணவு முன்னேறியது. 1957இல் பியூரினா நிறுவனம் இயந்திரத்தில் அழுத்தி உப்பவைத்த தீவனத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று மாசாய்க் கடைகளில் மூட்டையாக அடுக்கியிருப்பது அதன் வாரிசு.

டாம் லான்ஸ்டேல் இங்கிலாந்தில் படித்து ஆஸ்திரேலியாவில் தொழில் நடத்திய கால்நடை மருத்துவர். தம்மிடம் வந்த நாய், பூனைகளின் அழுகிய வாய்களுக்கும் அவை தின்ற டப்பா உணவுக்கும் முடிச்சுப் போட்டு, சிட்னிப் பல்கலைக்கழகத்தின் முதுநிலைக் கல்விக் குழு மருத்துவர்களுக்காக நடத்திய வெளியீட்டில் 1991இல் எழுதினார். பிரெக் மியூர் என்ற மருத்துவரும் அதே குரலில் பேசினார். 1993இல் இயன் பில்லிங்ஹர்ஸ்டின் நூல் பச்சை உணவைப் பொதுமக்களிடம் கொண்டுபோனது. லான்ஸ்டேல் 2001இல் தம் வாதத்தை முழு நூலாக்கினார். ஈறு நோய் உடலின் எதிர்ப்பாற்றலையே குலைக்கிறது என்றும், மருத்துவச் சங்கங்கள் தீவன நிறுவனங்களின் பிடியில் இருக்கின்றன என்றும் சாடினார். முதல் கூற்றுக்கு அவர் தந்த சான்று போதாது. இரண்டாவது இன்றும் பதில் கேட்டு நிற்கும் கேள்வி. தீவன உற்பத்தியாளர் பணம் தரும் இடத்தில் எலும்பை யார் செலவு செய்து சோதிப்பார்கள்?

காட்டு விலங்குக்குப் பல் நோயே கிடையாது என்ற நம்பிக்கையை 1999இல் ஸ்டீன்காம்ப், கோரல் என்ற ஆய்வாளர்கள் உடைத்தனர். இரை பிடித்து எலும்போடு தின்னும் ஆப்பிரிக்கக் காட்டுநாய்களின் 29 மண்டையோடுகளில் 41 விழுக்காட்டில் ஈறு நோயின் தடயம் இருந்தது. 48 விழுக்காட்டில் உடைந்த பற்கள் இருந்தன. எலும்பு தின்றும் நோய் குறைவில்லை.

எலும்புக்குச் சாதகமான வலுவான சான்று 2016இல் பிரேசிலிலிருந்து வந்தது. மார்க்ஸும் சகாக்களும் எட்டு பீகிள் நாய்களுக்குப் பச்சை மாட்டெலும்பு கொடுத்தனர். எலும்பின் கெட்டியான நடுத்தண்டைக் கடித்தபோது 12 நாளில் காரை 35.5 விழுக்காடு குறைந்தது. பஞ்சு போன்ற முனைப்பகுதியைக் கடித்தபோது 20 நாளில் 87.8 விழுக்காடு குறைந்தது. பல் எதுவும் உடையவில்லை. ஆனால் அளக்கப்பட்டது காரை மட்டுமே. எட்டு நாய், சில வாரம்.

எதிர்ப்பக்கத்தில், அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010இல் எந்த அளவு எலும்பும் நாய்க்கு ஆபத்து என்று எச்சரித்தது. அது எடுத்துக்காட்டியதோ பன்றித் தொடை இறைச்சியிலும் சுட்ட இறைச்சியிலும் மிஞ்சும் எலும்பு, அதாவது வெந்தது. சூட்டில் எலும்பின் நெகிழ்வு போய் அது சிம்பாகப் பிளக்கும், தொண்டையிலும் குடலிலும் குத்தும். பச்சையின் ஆபத்து வேறு வகை: சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் ஆகிய கிருமிகள், கெட்டியான தண்டைக் கடித்து உடையும் கடைவாய்ப்பல். மெல்பர்ன் பல்கலைக்கழகம் 2018இல் நரம்பழற்சியால் கால்கள் செயலிழந்த 27 நாய்களை 47 நலமான நாய்களோடு ஒப்பிட்டு, பச்சைக் கோழி தின்பதற்கும் அந்த நோய்க்கும் வலுவான தொடர்பு இருப்பதைக் காட்டியது. ஆஸ்திரேலியாவில் நாய்க்குச் சாதாரணமாகப் போடப்படும் கோழிக் கழுத்தைத்தான் அந்த ஆய்வு முதன்மையாகச் சுட்டியது.

இந்த இடத்தில் மாசாயின் சமையலறை குறுக்கிடுகிறது. பிரேசிலில் சோதித்தது மாட்டெலும்பு. இங்கே நாய் வளர்ப்பவர்கள் பெரும்பாலும் தமிழரும் சீனரும். தமிழ் இந்துக் குடும்பம் மாட்டெலும்பை வாசற்படிக்குள் விடாது. பன்றி எலும்பு பாசாரில், அதாவது சந்தையில், மலிவு என்றாலும், பச்சைப் பன்றியிறைச்சி வழியாகப் பரவும் அவுஜெஸ்கி நோய் நாயைக் கொன்றுவிடும். மிஞ்சுவது கோழி. பாசாரில் கோழிக்காரர் கழுத்தையும் முதுகெலும்பையும் தனியே வெட்டிப் பைக்குள் போட்டுத் தருவார். நடுத்தர நாய் ஒரு கழுத்தை இரண்டு நொறுக்கில் விழுங்கிவிடும். கடைவாய்ப்பல்லில் உரசல் நடக்க வேண்டிய நேரத்தில் அது வயிற்றுக்குள் போயிருக்கும். எந்த எலும்புக்குச் சான்று இருக்கிறதோ அது வீட்டுக்குள் வருவதில்லை. எது வருகிறதோ அதற்கு எதிராகத்தான் சான்று சேர்ந்திருக்கிறது.

ஆட்டுக் கழுத்தும் மார்பெலும்பும் இந்த இடைவெளியை நிரப்பக்கூடும். சதையும் நாரும் சேர்ந்திருப்பதால் நாய் அதை நெடுநேரம் கவ்விப் பிய்க்க வேண்டியிருக்கும். ஆனால் ஆட்டெலும்பை வைத்து மார்க்ஸின் சோதனையை மாசாயின் வெப்பத்தில் திரும்பச் செய்து பார்த்தாக வேண்டும். தரையில் கிடக்கும் எலும்புக்கு ஒரு மணி நேரத்தில் எறும்பு வந்துவிடும், இரவில் எலி வரும். விலையும் இருக்கிறது: மலேசியாவில் விற்கும் ஆட்டிறைச்சியில் பெரும்பகுதி உறைநிலையில் இறக்குமதியாவது, முதன்மையாக ஆஸ்திரேலியாவிலிருந்து.