நிலவில் பொழுதறிந்த கைக்கடிகாரங்கள்

கிருஷ்ணதேவராயரின் அன்னை நாகலாம்பாவின் பெயரால் அமைந்ததென மரபு கூறும் ஆந்திரத்து நாகலாபுரத்தில், வேதநாராயண சுவாமி கோயில் மூலவர் மீது பங்குனியையொட்டிய சில நாள்களில் மாலைக்கதிர் விழுவதைச் சூரிய பூஜையாகக் கொண்டாடும் வழக்கம், ஞாயிற்றின் போக்கையே காலக்கணக்காகக் கொண்ட வாழ்வின் தொடர்ச்சியாகும். நிலவில் இக்கணக்கு உதவாது. அங்கு ஒரு பகலும் இரவும் சேர்ந்து ஏறத்தாழ இருபத்தொன்பதரைப் புவிநாள்கள் நீள்வதால், மணிக்கு அரைப் பாகையளவே நகரும் ஞாயிற்றைக் கொண்டு பொழுதறிய இயலாமல், 1969 முதல் 1972 வரை அமெரிக்காவின் அப்பல்லோ பயணங்களில் அங்கு நடந்த விண்வெளி வீரர் பன்னிருவரும் கருவிகளையே நம்பினர்.

அவற்றுள் முதன்மையானது, நேரம் காட்டுவதோடு பொத்தானை அழுத்தி இடைப்பட்ட நொடிகளையும் அளக்க உதவும் குரோனோகிராஃப் வகையைச் சேர்ந்த ஒமேகா ஸ்பீட்மாஸ்டர். கடும் வெப்பம், குளிர், வெற்றிடம், அதிர்வு ஆகியவற்றில் நாசா நடத்திய சோதனைகளில் ரோலெக்ஸும் லாஞ்ஜின்ஸும் தவறிவிட, 1965 மார்ச்சில் தகுதிச் சான்று பெற்ற இக்கடிகாரம், சாவி கொடுத்து இயக்கப்பட்டமையால் மின்கலத்தின் தேவையின்றி ஓடியது. விண்வெளி உடையின் கைப்பகுதிக்கு மேல் கட்டும்படி நீண்ட பட்டையும் பெற்றிருந்தது.

அதன் அருமை மின்கருவிகள் பழுதுற்ற வேளைகளில் வெளிப்பட்டது. அப்பல்லோ 11 இறங்குகலத்தின் நேரக்கருவி செயலிழந்ததால் அதற்கு மாற்றாக ஆம்ஸ்ட்ராங் தம் கடிகாரத்தைக் கலத்துக்குள்ளேயே விட்டு இறங்க, நிலவுத்தரையில் முதலில் அணியப்பட்டது உடன் சென்ற ஆல்ட்ரினுடையதாயிற்று. 1970 ஏப்ரலில், கலத்தில் நேர்ந்த வெடிப்பினால் மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிட நேர்ந்த அப்பல்லோ 13இல், பாதையைத் திருத்த எந்திரத்தை 14 நொடிகள் எரித்தபோது அந்நொடிகளை அளந்தது அதில் சென்ற வீரர் ஸ்விகர்ட்டின் கைக்கடிகாரமே. அக்கலத்தின் வீரர் மூவர் உயிரோடு திரும்பியதில் அதற்கும் பங்குண்டு. எனினும் அது பழுதே அறியாததெனக் கூறுவது மிகையாகும். அப்பல்லோ 15இல் வீரர் ஸ்காட்டின் ஒமேகாவினுடைய மேற்கண்ணாடி கழன்றுவிட, மூன்றாவது நிலவு நடைக்கு அவர் தம்மிடமிருந்த புலோவா கடிகாரத்தையே அணிந்தார்.

ஆல்ட்ரினின் கடிகாரமோ ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்துக்கு அனுப்பப்பட்ட வழியிலேயே தொலைந்து, இன்றுவரை கிடைக்கவில்லை. இந்தியாவிலோ, நாகலாபுரம் அடங்கிய அதே திருப்பதி மாவட்டத்தின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 2023 ஜூலை 14 அன்று சந்திரயான் 3 ஆளின்றி நிலவுக்குப் புறப்பட்டது. ககன்யான் திட்டமோ அங்கிருந்து வீரர்களையே விண்வெளிக்கு அனுப்பவிருக்கிறது. ஆல்ட்ரினுடையதுபோல் தொலைந்துவிடாதிருக்க, அவ்வீரர்கள் அணியும் கைக்கடிகாரங்களைத் தொடக்கத்திலேயே முறையாகப் பதிவுசெய்து, பொதுமக்கள் காணும் அருங்காட்சியகத்தில் பாதுகாக்க இஸ்ரோ முன்வர வேண்டும்.