வாயில் காப்போரும் வழிச்செல்வோரும்

ஒரு நாட்டின் பண்பை அறிய அதன் மாளிகைகளையும் அங்காடிகளையும் காண்பது ஒரு வழி. அந்நாட்டின் வாயிலில் நின்று, வருவோரும் போவோரும் அங்குக் காவல் நிற்போரிடம் எவ்வாறு பேசுகின்றனர் என்று கவனிப்பது மற்றொரு வழி. சிங்கப்பூரோ வாயிலால் வாழும் நாடு. 1819ஆம் ஆண்டில் வணிகத் துறைமுகமாகத் தொடங்கிய இத்தீவின் சாங்கி விமான நிலையத்தை 2024ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 6 கோடியே 77 இலட்சம் பயணிகள் பயன்படுத்தினர். ஆதலின், வாயில் காப்போருக்கும் வழிச்செல்வோருக்கும் இடையே நிலவிய உறவின் வரலாறு இந்நாட்டிற்குச் சிறு செய்தி அன்று.

பட்டினத்துப் பணியாளர்

இத்தொழிலைத் தமிழ் இலக்கியம் இழிவாகக் கருதியதில்லை. கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலை, காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கப் பணியாளரைக் காட்டுகிறது. கடல்வழி வந்த பொருள்களும், கடல்வழி செல்லவிருக்கும் பொருள்களும் புலிப்பொறி இடப்பெற்று முற்றத்தில் குவிந்து கிடக்கின்றன. அவற்றைக் காத்து, நாள்தோறும் சோர்வின்றி உல்கு கொள்ளும் பணியாளரைக் கதிரவன் தேரில் பூட்டிய குதிரைகளுக்கு ஒப்பிடுகிறார் புலவர். கரிகாலனின் பெருமையைப் பாட வந்தவர், அவன் துறைமுகத்தில் நின்று உழைத்த பெயரறியா மாந்தரையும் மறக்கவில்லை. ஓயாமல் உழைக்கும் காவலரின் உழைப்பைக் கண்டறியும் கண் அவருக்கு இருந்தது. பிற்காலப் பயணிகளுக்கு அந்தக் கண் வாய்த்ததா என்பதே இங்கு எழும் கேள்வி.

அச்சம் ஆண்ட காலம்

சிங்கப்பூருக்குக் கப்பலேறி வந்த தமிழருள் பலர் கண்ட முதல் வாயில் செயின்ட் ஜான்ஸ் தீவாகும். வாந்திபேதி பரவியதைத் தொடர்ந்து 1874ஆம் ஆண்டில் அங்குத் தொற்றுத்தடுப்பு நிலையம் அமைக்கப்பட்டது. அங்கு நிறுத்தப்பட்டோரில் பெரும்பாலோர் கப்பலின் மேல்தளத்தில் பயணம் செய்த ஏழை மக்களே. அவர்கள் உடல் சோதிக்கப்பட்டது. உடைமைகளிலிருந்து கிருமி நீக்கப்பட்டது. நோயில்லை என்று அதிகாரி கூறும்வரை நகருக்குள் அடியெடுத்து வைக்க இயலாது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் ஆட்களை ஏற்றி வந்த ‘ரஜுலா’ கப்பல் 1973ஆம் ஆண்டுவரை ஓடியது. அக்கப்பலில் வந்த முந்தைய தலைமுறையினர் சோதனை அதிகாரிமுன் தலைகுனிந்து நின்றனர். அதனை மரியாதை என்று கூற முடியுமா? ஒரு சொல்லால் தம்மைத் திருப்பி அனுப்பிவிடக் கூடியவர் மீது எளியோர் கொண்ட அச்சம் அது.

விதியும் விதியைச் சொல்பவரும்

கல்லாங் விமான நிலையம் 1937ஆம் ஆண்டிலும், பாய லேபார் விமான நிலையம் 1955ஆம் ஆண்டிலும் திறக்கப்பட்டன. அக்காலத்தில் பயணிகளின் கைப்பையைத் திறந்து பார்க்கும் வழக்கம் உலகில் எங்கும் வேரூன்றவில்லை. 1960களின் இறுதியில் விமானக் கடத்தல்கள் பெருகின. 1973ஆம் ஆண்டு சனவரியில் அமெரிக்கா பயணிகள் அனைவரையும் சோதிக்கத் தலைப்பட்டது. 1974ஆம் ஆண்டில் அனைத்துலகச் சிவில் விமானப் போக்குவரத்து நிறுவனம் விமானப் பாதுகாப்புக்கெனத் தனி நெறிமுறைகளை வகுத்தது.

1991ஆம் ஆண்டு மார்ச் 26ஆம் நாள், கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குப் புறப்பட்ட சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் கடத்தப்பட்டது. மறுநாள் காலை சாங்கியில் அதிரடிப் படையினர் விமானத்தினுள் புகுந்து கடத்தல்காரர் நால்வரையும் வீழ்த்திப் பயணிகளை மீட்டனர். திரவ வெடிபொருளால் விமானங்களைத் தகர்க்கும் சதி 2006ஆம் ஆண்டில் இலண்டனில் முறியடிக்கப்பட்டது. அதன் விளைவாக, 100 மில்லிலிட்டருக்கு மேற்பட்ட கலத்தில் திரவம் கொண்டு செல்லலாகாது என்னும் விதி 2007ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கும் வந்தது.

இவ்விதிகள் ஒவ்வொன்றும் ஏதோ ஓர் ஆபத்தின் பின்விளைவு. ஆனால், அந்த ஆபத்தைப் பயணி கண்டதில்லை. விதியை இயற்றியவரையும் அவர் கண்டதில்லை. அவர் காண்பது, பையைத் திறக்குமாறு கேட்கும் ஒரு மனிதரை மட்டுமே. தொலைவில் உள்ளோர்மீது எழும் எரிச்சல் எதிரில் நிற்பவர்மீது பாய்வது இதனால்தான்.

சாங்கியின் முதல் மூன்று முனையங்களில், பாதுகாப்புச் சோதனை பெரும்பாலும் விமானம் ஏறும் வாயிலிலேயே நடைபெறுகிறது. கடைகளையெல்லாம் சுற்றிவிட்டு, நேரமாகிவிட்டதே என்ற பதைப்போடு பயணி வந்து சேரும் இடம் அது. சிராங்கூன் சாலையில் ஆசையுடன் வாங்கிய ஊறுகாய்க் குப்பியும், வீட்டில் காய்ச்சிய நெய்யும் அங்கே திரவக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. திருச்சிக்கோ சென்னைக்கோ செல்லும் விமானத்தின் வாயிலில் தமிழ் பேசும் அதிகாரி நின்றால், “அண்ணே, நீங்களும் தமிழர்தானே, விட்டுவிடக் கூடாதா?” என்று கேட்போரும் உண்டு. அவர் மறுத்தால், சற்றுமுன் அண்ணன் என்றழைத்த வாயே ஏசவும் செய்யும். உறவு கொண்டாடுவதும் வசை பொழிவதும் வேறுவேறாகத் தோன்றலாம். அவர் தம் கடமையைச் செய்ய விடாமை இரண்டுக்கும் பொது. மணிக்கணக்கில் நின்றபடி ஒரே வேண்டுகோளைப் பல நூறு பேரிடம் சொல்லும் அவருக்கு, அந்த வசை அன்றைய நாளின் முதல் வசையாகவும் இராது.

பணிவன்பு யாருடைய கடமை?

1979ஆம் ஆண்டு சூன் முதல் நாள், பிரதமர் லீ குவான் இயூ தேசிய பணிவன்பு இயக்கத்தைத் தொடங்கி வைத்தார். அதற்கு முன்னர்ச் சுற்றுலா வளர்ச்சிக் கழகம் நடத்திய இயக்கம், சுற்றுப்பயணிகளிடம் சிங்கப்பூரர் இன்முகம் காட்ட வேண்டும் என்று கற்பித்தது. தேசிய இயக்கமோ, அப்பண்பு விருந்தினருக்காக மட்டும் பூணும் அணியாக இராமல் அனைவரின் வாழ்க்கை முறையாக வேண்டும் என்று கூறியது. 1982ஆம் ஆண்டில் ‘சிங்கா’ என்னும் சிங்கம் அதன் சின்னமாயிற்று. எனினும், பணியில் இருப்பவரே பணிய வேண்டும், பயணச்சீட்டு வாங்கியவர் எப்படியும் பேசலாம் என்னும் எண்ணம் பலர் உள்ளத்தில் தங்கிவிட்டது. முன்னாளில் அதிகாரி மேலே, பயணி கீழே. இந்நாளில் அந்தத் தராசு மறுபுறம் சாய்ந்துவிட்டது. சாய்ந்த தராசு எப்புறம் சாய்ந்தால் என்ன? நேர்மையான நிறுவை அதில் இல்லை.

இறுதியில் சட்டம் தலையிட நேர்ந்தது. 2014ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட துன்புறுத்தலுக்கு எதிரான பாதுகாப்புச் சட்டம், அரசாங்க ஊழியரோடு பொதுச்சேவை ஊழியரையும் தன் காவலில் கொண்டது. பணியில் இருக்கும் அவர்களை இழிசொல் கூறி வைதால் 5,000 வெள்ளிவரை அபராதமோ, 12 மாதம்வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். 2021ஆம் ஆண்டில் தனியார் பாதுகாவல் துறைச் சட்டமும் திருத்தப்பட்டு, பாதுகாவல் அதிகாரிகளைத் துன்புறுத்துவோருக்குரிய தண்டனை வகுக்கப்பட்டது. இச்சட்டங்கள் தேவையானவையே. ஆயினும், சட்டத்திற்கு அஞ்சி அடக்கப்பட்ட நாவும், செயின்ட் ஜான்ஸ் தீவில் குனிந்த தலையும் ஒரே வகையைச் சேர்ந்தவை. இரண்டிலும் அச்சம் உண்டு, மதிப்பு இல்லை.

திருக்குறளில் விருந்தோம்பல் ஒன்பதாம் அதிகாரம். இனியவைகூறல் பத்தாம் அதிகாரம். முன்னது இல்லத்தார்க்கு உரியது. பின்னதோ, நா உடைய அனைவர்க்கும் உரியது. விருந்தினரும் அதற்கு விலக்கல்லர். காவலர் கடுமொழி பேசினால் அதுவும் பிழையே. அதனை முறையாக எடுத்துரைக்க வழிகள் உள்ளன. இவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், நாளை விமானம் ஏறப்போகும் மாணவரிடம் அந்த வாயிலையும் ஓர் எடுத்துக்காட்டாகக் கூறலாம். கேட்குமுன் பையைத் திறந்து வைத்தல், குப்பியை இழக்க நேர்ந்தாலும் குரலை உயர்த்தாமை, முகம் பார்த்து ஒரு வணக்கம் கூறுதல் ஆகியவற்றிற்குப் பொருட்செலவு ஏதுமில்லை. தேர்க்குதிரைகளின் உழைப்பைப் பட்டினத்துப் பணியாளரிடம் கண்ட மொழியைக் கற்போர்க்கு, இவ்வளவேனும் இயலாதா?